கடைசிப் பக்கத்தில் ஒரு பஸ்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் நலம். உங்கள் நலத்தை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டதால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். போனில் நாம் பேசுவதெல்லாம் சாப்பாடு, தூக்கம், மகளின் மார்க் என்று மூன்றைச் சுற்றிவிட்டு, "சரி, வைக்கட்டுமா" என்பதில் போய் நின்றுவிடுகிறது. அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது எனக்குப் பெரிய வசதி.

உங்கள் அமெரிக்க நாவலாசிரியரின் புத்தகங்கள் அத்தனையையும் பெட்டி கட்டி அங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். பாலம் கட்டி முடிய இன்னும் சில வருடங்கள் ஆகும், ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டேன், அறையில் அலமாரி ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று மூன்று செய்தியையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். நாங்கள் வந்து தங்க அங்கே இடம் போதாது என்று போன வருடம் சொன்ன அதே அறைதானே அது? புத்தகங்களுக்கு மட்டும் இடம் இருக்கிறது போலிருக்கிறது. குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

விஷயத்தை மகளிடம் சொன்னேன். ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தபடியே, "அப்பா புக்ஸ மட்டும்தான் கேட்டாரா, நம்மள கேக்கலயா?" என்றாள். போய்ப் பாடத்தைப் படி என்று அதட்டிவிட்டேன். பதில் தெரியாதபோது பெரியவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. சட்டை துணிமணியோடு ஊருக்குப் போகிறவர் திரும்பி வருவார் என்று யாரும் நம்பலாம். அவரே பிறகு தன் புத்தகங்களையும் அனுப்பச் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் போனில் சொல்ல வரவில்லை.

இருந்தாலும் வேலையைத் தொடங்கிவிட்டேன். பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும், வெறும் கையால் தொடக்கூடாது, புத்தகத்தின் முதுகை அகல விரிக்கக்கூடாது என்ற உங்கள் கட்டளைகளை அப்படியே பின்பற்றுகிறேன். நான் வேலை பார்க்கும் பல் செட் கூடத்திலிருந்து மெல்லிய கையுறைகளும், மெழுகுத் தூளைத் தட்டும் சின்னப் பிரஷ்ஷும் கொண்டுவந்திருக்கிறேன். பகலெல்லாம் ஊரார் பல் செட்டைத் துடைக்கிறேன், மாலையில் உங்கள் அமெரிக்கரைத் துடைக்கிறேன். மகள் அவருக்கு 'அமெரிக்கத் தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டாள்.

இத்தனை வருடம் உங்கள் புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றே வாழ்ந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. உள்ளே போனால் எல்லாமே புதிராக இருக்கிறது. ஒரே நாவல் எதற்கு மூன்று பிரதி? ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்துப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். மூன்றுக்கும் மேலட்டை ஒன்றுதான். ஆனால் உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தின் அடியில் எண்கள் வரிசையாக நிற்கின்றன. 'ஒன்று' இருந்தால் அது முதல் அச்சு, ஒவ்வொரு மறு அச்சுக்கும் ஓர் எண் உதிர்ந்துபோகும். அந்த ஒற்றை 'ஒன்று'க்காகவா அன்று அவ்வளவு மழையில் ரயிலேறிப் போனீர்கள்? நல்ல ஆள் நீங்கள்.

அப்புறம் அந்த மேலுறைகள். புத்தகத்தைத் தூசியிலிருந்து காப்பாற்றத்தான் காகித மேலுறை என்று நினைத்திருந்தேன். நீங்கள் அந்த மேலுறையைக் காப்பாற்ற ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, அதைக் காப்பாற்ற ஒரு பெட்டி செய்து, பெட்டியைக் காப்பாற்ற என்னை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் கதையைக் காப்பாற்ற யாரும் இல்லை, பாவம்.

மேல் தட்டின் பின்பக்கம் ஒரு புத்தகம் இரட்டை உறையில் இருந்தது. எது இவ்வளவு அருமையானது என்று பிரித்துப் பார்த்தேன். அமெரிக்கர் இந்த ஊருக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது நாம் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கிய பிரதி. வெறும் கையெழுத்து மட்டும் வாங்க வேண்டும், பெயர் எழுதச் சொல்லக்கூடாது, இன்னாருக்கு அன்புடன் என்று வந்துவிட்டால் சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்பில்லை என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தீர்கள். மேசைக்கு அருகில் போனதும் அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், நான் நம் இரண்டு பேர் பெயரையும் சொல்லிவிட்டேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். அதற்கப்புறம் ஒரு வாரம் நீங்கள் என்னிடம் உம்மென்று இருந்தீர்கள். மதிப்பில்லாத அந்தப் பிரதிக்கு ஏன் இரட்டை உறை என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது.

வெயிலில் தொப்பி போடாமல் பாலம் வேலை நடக்கும் இடத்தில் நிற்காதீர்கள். முதல் நாவல் இருக்கும் தட்டை அடுத்த வாரம் இறக்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் அலமாரிக் காவல்காரி

—

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. புத்தகங்களைப் பற்றி ஒரு பக்கம், எங்களைப் பற்றி ஒரு வரி. கணக்கு பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. பாலத்தின் நடுத் தூண் ஆற்றுக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று எழுதியிருந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். மகள் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் இளைத்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று சில நாட்கள் யோசித்தேன். கடைசியில் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். முதல் நாவலின் முதல் பதிப்பைத் திறந்தேன். நீங்களே கொல்லன் பட்டறையில் காய்ச்சிய இரும்பைத் தொடுகிற மாதிரி பயந்து பயந்து தொடும் அந்தப் பிரதியைத்தான் சொல்கிறேன். வாங்கிய நாளிலிருந்து அதை நீங்களும் திறந்ததில்லை, முதுகு விட்டுப்போகும் என்று என்னையும் திறக்க விட்டதில்லை. பூச்சி பார்க்க வேண்டும் என்று நீங்களே சொன்னதால் திறந்தேன்.

நாம் முதலில் பேசிக்கொண்டதே இந்த நாவலைப் பற்றித்தான். உங்கள் அப்பாவுக்குப் பல் செட் அளவெடுக்க எங்கள் கூடத்துக்கு வந்திருந்தீர்கள். உங்கள் கையில் அமெரிக்கரின் வேறொரு நாவல் இருந்தது. நான் பல் அச்செடுக்கும் மாவைக் குழைத்துக்கொண்டே, அவருடைய முதல் நாவலில் கடைசியில் அந்தப் பம்பு மெக்கானிக் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "இறங்கலையே" என்றீர்கள். இறங்கினான் என்றேன். இல்லை, பஸ் கிளம்பிவிடும், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான், அத்தோடு கதை முடிந்தது என்றீர்கள். வாய் நிறைய அச்சுப் பசையோடு உங்கள் அப்பா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரால் எந்தப் பக்கமும் பேச முடியவில்லை.

நீங்கள் படித்தது கல்லூரி நூலகப் பிரதி, நான் படித்தது ஹாஸ்டல் தோழியின் பிரதி. எடுத்துக் காட்ட இருவர் கையிலும் புத்தகம் இல்லை. பிறகு உங்களுக்கு முதல் பதிப்பு கிடைத்தபோது அதைத் திறக்க உங்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், பார்க்க வேண்டியதில்லை என்றீர்கள். எனக்கும் நன்றாகத் தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அது நமக்கு ஒரு விளையாட்டு. நான் எதையாவது நம்பினால், "ஆமாமா, அவன் இறங்கிட்டான்" என்று கிண்டல் செய்வீர்கள். நீங்கள் எதற்காவது தயங்கினால், நான் அவனைப் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அது எப்போது விளையாட்டாக இல்லாமல் போனது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். போன விடுமுறையில் நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், இந்த வருடத்தோடு வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னீர்களே என்று நான் கேட்டேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றீர்கள். சொன்னீர்கள் என்றேன். அதற்கு நீங்கள், "இல்லாதத நீயே சேர்த்துக்கற. உனக்கு எப்பவும் அந்தப் பஸ் கதைதான்" என்றீர்கள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. காலையில் மகள் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கையுறையோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அவனுடைய பழைய பட்டறைக்கு எதிரில் பஸ் நிற்கிறது. யாராவது இறங்குகிறீர்களா என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்கிறார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். பஸ் நகர்கிறது. அதற்குக் கீழே வெறும் காகிதம். அடுத்த தாளைப் புரட்டினேன், அதுவும் வெறும் காகிதம். ஒரு தாள் கிழிந்துபோயிருக்குமோ என்று தையல் வரை தேடினேன். எதுவும் போகவில்லை.

நீங்கள் சொன்னதுதான் சரி. அவன் இறங்கவில்லை.

தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. வேறொன்றுதான் என்னை உலுக்கிவிட்டது. அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டியது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. இறங்கியதும் அவன் செருப்பில் ஒட்டிய தார் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அது எதுவுமே புத்தகத்தில் இல்லை என்றால் எங்கிருந்து வந்தது? அதை நான் சேர்த்துக்கொண்டேன் என்றால், நீங்கள் வருவதாகச் சொன்னதையும் நான்தான் சேர்த்துக்கொண்டேனா? வந்துவிடுகிறேன் என்று நீங்கள் பால்கனியில் துணி மடித்துக்கொண்டே சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. நேற்றுக் கூடத்தில் ஒரு பல் செட்டின் மேல் வரிசையைக் கீழ் வரிசை அச்சில் வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததே இல்லை.

பூச்சி எதுவும் இல்லை. பெட்டி கட்டும் ஆளிடம் சொல்லிவிட்டேன். வரும் வாரம் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் புத்தகங்கள் உங்களிடம் வந்து சேரும்.

இப்படிக்கு,
இல்லாததைச் சேர்த்துக்கொள்கிறவள்

—

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்துக்கு உங்கள் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். அதைப் படித்து நீங்கள் வெற்றிக் கொடி ஏற்றியிருந்தால் இறக்கி மடித்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

பெட்டிக்குள் வைக்கக் காகிதம் வாங்கலாம் என்று தும்மல்காரர் கடைக்குப் போனேன். தூசி ஒத்துக்கொள்ளாத ஒரு மனிதர் பழைய புத்தகக் கடை வைத்திருப்பது இந்த ஊரில்தான் நடக்கும். உங்களைக் கேட்டார், கைக்குட்டைக்குள் ஒரு தும்மலைப் போட்டுவிட்டுக் காகிதம் எடுக்க உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். நடைபாதையில் எதை எடுத்தாலும் ஒரே விலை என்று கொட்டி வைத்திருக்கும் குவியல் உங்களுக்குத் தெரியுமே, நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். எனக்குச் சும்மா நிற்க முடியாது. புரட்டிக்கொண்டே வந்தேன். சமையல், ஜாதகம், இன்ஜின் ரிப்பேர். அதற்கடியில் உங்கள் அமெரிக்கரின் முதல் நாவல், மலிவுப் பதிப்பு. அட்டையில் பாதி இல்லை.

எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். ஒரு முறை தோற்றது போதும் என்றுதான் இருந்தது. ஆனால் உங்களுக்குத்தான் தெரியுமே, என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

பஸ் நகர்கிறது. அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் அவன் எழுந்து மணிக் கயிற்றை இழுக்கிறான். பஸ் நிற்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குகிறான். பட்டறையைத் தாண்டி வந்துவிட்டதால் திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது. செருப்பில் தார் ஒட்டுகிறது.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தோடு வெளியே வந்த தும்மல்காரர், எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது பழைய செய்தி. "மொத அச்சுல அந்தப் பாரா கிடையாதும்மா. ரெண்டாவது அச்சுல அவரே சேர்த்தாரு. அதுலேர்ந்து வந்த எல்லாத்துலயும் இருக்கும்" என்றார். ஏன் சேர்த்தார் என்று கேட்டேன். பதிப்பாளர் கட்டாயப்படுத்தினார் என்று ஒரு கதை இருக்கிறதாம். எழுதி முடித்தபின் அந்த மெக்கானிக்கைப் பற்றியே நினைத்துத் தூக்கம் வராமல் தவித்தார் என்று இன்னொரு கதை. எது உண்மை என்று அவருக்குத் தெரியவில்லை.

இத்தனை வருடமாகச் சேகரிக்கிற உங்களுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவர் ஆச்சரியப்பட்டார். முதுகு விட்டுப்போகும் என்று நீங்கள் திறக்கவே இல்லை என்றேன். மறு அச்சையாவது படித்திருக்கலாமே என்றார். 'ஒன்று' கைக்கு வந்தபின் மறு அச்சை அவர் கையால் தொடமாட்டார் என்றேன். மனிதர் சிரித்துச் சிரித்துத் தும்ம ஆரம்பித்துவிட்டார். மூச்சு வாங்கியபடி, "மொத பதிப்பு வச்சிருக்கறவங்க தொறக்க மாட்டாங்க. தொறந்து படிக்கறவங்ககிட்ட மொத பதிப்பு இருக்காது. என் பொழப்பே அதுலதான் ஓடுது" என்றார். உங்களை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று பார்த்தேன், ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டு உங்கள் பிரதியை நான் பிடித்துக்கொண்டேன், மகள் மலிவுப் பதிப்பை விரித்து உரக்கப் படித்தாள். ஒரு சொல்கூட மாறவில்லை. டிரைவர் கேட்பது, அவன் திரும்பிக்கொள்வது, பஸ் நகர்வது எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்கள் முடிவில் எதையும் அவர் அடிக்கவில்லை. அது முழுக்க என் முடிவுக்குள் இருக்கிறது. நான் படித்த பிரதி இன்னும் கொஞ்ச தூரம் பஸ்ஸிலேயே போய்ப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாம் ஒருவரை ஒருவர் பொய் சொல்கிறவர் என்று நினைத்த வருடங்களை நினைத்தால் எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. நீங்கள் படித்ததைச் சொன்னீர்கள். நான் படித்ததைச் சொன்னேன். பால்கனியில் நீங்கள் சொன்னீர்களா இல்லையா என்பதை இனி நான் கிளற மாட்டேன். சொல்ல நினைத்து வாய்வரை வந்து நின்றிருக்கலாம், நான் அதைக் கேட்டிருக்கலாம். அல்லது நீங்கள் சொன்னது வேறாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீங்கள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை இவ்வளவு நேராக நான் உங்களிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஒப்பந்தம், உங்கள் பாலம், உங்கள் மேலதிகாரி எல்லாவற்றையும் எனக்கு விளக்கிவிட்டீர்கள், எனக்கும் புரிகிறது. புரிந்தபிறகும் பிடிக்கவில்லை.

பெட்டி கட்டும் ஆள் இன்று காலை அட்டைப் பெட்டிகளோடு வந்தார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வந்ததற்குக் கூலி கொடுத்து, டீயும் கொடுத்துத்தான் அனுப்பினேன், கோபித்துக்கொள்ளவில்லை. நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். உங்கள் முதல் பதிப்புகளுக்கும் கையெழுத்திட்ட பிரதிகளுக்கும் எந்தக் குறையும் வராது. எல்லாம் துடைத்து, உறை போட்டு, அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன. உங்கள் பொருளை நீங்கள் எடுத்துப்போக எந்தத் தடையும் இல்லை. நேரில் வந்து எடுத்துப்போக வேண்டும், அது மட்டும்தான்.

இந்தக் கடிதத்தோடு ஒரே ஒரு புத்தகம் அனுப்புகிறேன். அந்த மலிவுப் பதிப்புதான். இதில் யார் கையெழுத்தும் இல்லை. எண் வரிசையில் 'ஒன்று' இல்லை, 'இரண்டு' இல்லை, எத்தனையாவது அச்சு என்றே தெரியவில்லை. அட்டை பாதி போய்விட்டது, யாரோ பென்சிலால் எங்கெங்கோ கோடு போட்டிருக்கிறார்கள், நடுவில் ஒரு டம்ளர் வைத்த வட்டம்கூட இருக்கிறது. உங்கள் நண்பர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். கையுறை வேண்டாம். நன்றாக விரித்து, முதுகு உடைந்தால் உடையட்டும் என்று படுத்துக்கொண்டு படியுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். முதலிலிருந்து வந்தால்தான் அவன் ஏன் எழுந்து அந்தக் கயிற்றை இழுத்தான் என்று புரியும்.

படித்து முடித்ததும் பதில் எழுத வேண்டாம். வரும் வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி